பின் சீட்டுக்காரி

அக்கா வீடு,
மார்ச் 4

என்னங்க,

நீங்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாக அத்தான் சொன்னார். நேற்று நீங்கள் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருக்கவில்லை. அது அக்கா சொன்ன பொய். நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் போன் வேண்டாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் உம் கொட்டுவேன். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை உங்களால் குறுக்கே புக முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி இதுதான்.

சனிக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள் என்று கேட்கலாம். நீங்கள் இருந்தீர்கள். கவனம்தான் இல்லை.

அக்கா வீட்டுக்கு வரும் வழியில், முதல் மேடு ஏறி முடித்துக் குழாயடியில் நின்றோம். அந்தச் சின்ன பஸ் நிழற்குடைக்குப் பக்கத்தில். இருவரும் சேர்ந்து மிதிக்கிற நம் இரட்டைச் சைக்கிளின் பின் சீட்டிலிருந்து நான் இறங்கி, பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். நீங்கள் இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, உங்கள் புது ஸ்டேஷன் மாஸ்டர் சரக்கு ரயிலைத் தவறான பிளாட்பாரத்துக்கு விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். "ஏறிட்டியா? சரி, போலாம்" என்று நீங்களே கேட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கொண்டு கிளம்பினீர்கள். நான் நிமிர்ந்தபோது இரட்டைச் சைக்கிள் ஒற்றை ஆளோடு இரண்டாவது மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

கத்தினேன். நீங்கள் கையைத் தூக்கி ஆட்டினீர்கள். கதையில் அந்த இடத்தில் சரக்கு ரயில் வந்திருக்க வேண்டும்.

நல்லவேளையாக அத்தானின் கோழிப்பண்ணை முட்டை வேன் வந்தது. ஏறிக்கொண்டேன். மூன்றாவது வளைவில் உங்களைத் தாண்டினோம். ஜன்னல் திறந்திருந்தது. நீங்கள் காலி சீட்டைப் பார்த்து, இல்லை, பார்க்காமல், சொன்னது என் காதில் விழுந்தது: "கொஞ்சம் மிதிக்கிறியாம்மா? நான் ஒருத்தனேதான் இழுத்துக்கிட்டு இருக்கேன்."

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். இரண்டாயிரம் முட்டைகளும் நானும் பிழைத்தது அதிசயம்.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன், சத்தியமாக. நான் அக்கா வீட்டு வாசலில் டீயோடு நிற்கும்போது நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். "இறங்கு, வந்தாச்சு. கடைசி மேட்டுல நீ மிதிக்கவே இல்ல, தெரியுமா?" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். சீட்டைப் பார்த்தீர்கள். மறுபடி என்னைப் பார்த்து, "நீ எப்ப இறங்கின?" என்றீர்கள். அத்தானுக்கு டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

அதற்குப் பிறகு, அக்கா முன்னால், அத்தான் முன்னால், அந்த வேன் டிரைவர் முன்னால், சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னீர்களே. "அதானே பாத்தேன். இவ இருந்தாலும் இல்லாட்டாலும் ஒரு வித்தியாசமும் தெரியல."

சரி. வித்தியாசம் தெரியாத ஆள் அங்கே இருந்தால் என்ன, இங்கே இருந்தால் என்ன? நான் இங்கேயே இருக்கிறேன்.

இப்படிக்கு,
மிதிக்காதவள்

பி.கு: நீல அலமாரியின் மேல்தட்டில் உங்கள் சட்டைகள் இருக்கின்றன. நீங்கள் தேடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.


நம் வீடு,
மார்ச் 7

என் அன்பு மனைவிக்கு,

சட்டை கிடைத்தது. நன்றி. ஆனால் நான் தேடவில்லை. எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தை ஸ்டேஷனில் அறிவிப்பு அறையில் வைத்துப் படித்தேன். மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படித்தேன். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன், பயணிகள் கனிவோடு கவனிக்க வேண்டும்.

முதலாவது, என் தொழில். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, முகம் தெரியாத கூட்டத்துக்கு, எந்த ரயில் எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாராவது ஒருத்தர் திரும்பி "சரிங்க" என்று சொன்னது உண்டா? பதில் வராமல் பேசுவது எனக்குப் பழகிப்போன விஷயம். உனக்கு அப்படியில்லை. நீ பல்செட் செய்கிறவள். உன் மேஜை நிறைய வாய்கள்தான், ஒன்றாவது வாயைத் திறந்து பேசுமா? நீ மௌனத்தில் சம்பாதிக்கிறாய், நான் சத்தத்தில் சம்பாதிக்கிறேன். இதில் யார்மேல் தப்பு?

இரண்டாவது, காற்று. அன்று எதிர்க்காற்று. நீ கத்தியது கேட்கவில்லை.

மூன்றாவது, வித்தியாசம் தெரியவில்லை என்று நான் சொன்னது பாராட்டு. நீ அவ்வளவு லேசாக இருக்கிறாய் என்ற அர்த்தத்தில் சொன்னேன். உன் அக்கா அதைப் புரிந்துகொண்டு தலையாட்டினாள் என்றுகூட எனக்கு ஞாபகம்.

நான்காவது, மிக முக்கியமானது. வேனை நிறுத்தியிருக்கலாமே? என்னைத் தாண்டிப் போனாய். பார்த்தாய். நான் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டாய். "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? இதற்குப் பதில் சொல். இந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை.

திரும்பி வந்த கதையைக் கேள். அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு நாலு வண்டி போனால் அதிகம், ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. முட்டை வேன்காரர் போகிற வழியெல்லாம் முட்டையோடு செய்தியையும் இறக்கியிருக்கிறார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏங்க, பின்னால இருந்தவங்க எங்க?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன். "விட்டுட்டுப் போனா எப்படிங்க உடம்பு சரியாயிருக்கும்?" என்றார். கொஞ்ச தூரத்தில் ரோடு போடுகிறவர்கள் வண்டியை மறித்து நிறுத்தி, "வழியில ஏதாவது விழுந்து கிடந்தா எடுத்து வைக்கிறோம் சார்" என்றார்கள். மானம் கப்பலேறிவிட்டது. காலி சீட்டில் என் கோட்டைக் கட்டி, மேலே தொப்பியை வைத்துவிடலாமா என்று யோசித்தேன்.

நீ வேலை பார்க்கிற பல் டாக்டர் வீடு தேடி வந்துவிட்டார். யாரோ ஒருத்தர் மேல்பல் இல்லாமல் உனக்காகக் காத்திருக்கிறாராம். அவர் பாவம் இல்லையா?

வீட்டில் நான் பேசினால் பதில் வருவதில்லை. நீ இருந்தபோதும் பெரிதாக வந்ததில்லை. ஆனால் இப்போது வராதது வேறு மாதிரி இருக்கிறது. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்துவிடேன். ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் கணவன்


அக்கா வீடு,
மார்ச் 10

என்னங்க,

மேல்பல்காரரைச் சூப் குடிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் உலகத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

உங்கள் நான்கு விளக்கங்களையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தலையாட்டவில்லை. அன்று தலையில் உட்கார்ந்த ஈயைத்தான் விரட்டினாளாம்.

முதலில் ஒரு செய்தி. அத்தானின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் பள்ளத்தாக்குச் சாலையில் போகிறேன். தனியாக. பின்னால் முட்டைக் கூடை வைக்கும் ஸ்டாண்டு, முன்னால் ஒரு கோணல் கூடை, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முனகல். ஆனால் ஹாண்டில் என் கையில்.

முதல் நாள் விழுந்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் பின் சீட்டில் இருந்தவளுக்குப் பிரேக் என்ற ஒன்று கையில் இருந்ததே இல்லை. முதல் இறக்கத்தில் வேகம் பிடித்ததும், மிதிப்பதை நிறுத்திவிட்டு, முன்னால் யாரோ பிரேக் போடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் போடவில்லை. நேராக வேலிச் செடிக்குள் போய்த்தான் நின்றேன். அடியெல்லாம் இல்லை, கை முழுக்கக் கீறல். இறக்கத்தில் காத்திருக்கக் கூடாது என்று புரிந்துவிட்டது, இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன்.

அந்தச் சாலையில் பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது, தெரியுமா? கூடவே வருகிறது. வளைவில் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மறுபடி பாலத்துக்கு அடியில் வந்து கலகலவென்று சத்தம் போடுகிறது. எத்தனை தடவை நாம் அந்த வழியாகப் போயிருக்கிறோம். ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை. அங்கே நீங்கள் வழக்கமாக உங்கள் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது பாலத்தில் ஒரு நாய் நடுச்சாலையில் படுத்திருக்கிறது. மணியடித்தாலும் எழுந்திருக்காது. வண்டிதான் சுற்றிப் போக வேண்டும். மேலே போகப் போக மரங்கள் குறைந்து, புல்சரிவும் மாடுகளும் வந்து, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் சாலை மட்டும் மேலே போகிறது. இதையெல்லாம் முழுசாக இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த இயற்கைக் காட்சி உங்கள் முதுகு. உங்கள் சட்டைக் காலரின் உள்பக்கம் என்ன அளவு, எந்த மாதிரித் துவைக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை மனப்பாடமாகச் சொல்வேன்.

இனி உங்கள் வித்தியாசத்துக்கு வருகிறேன். வாசலில் வந்து இறங்கியதும் இரண்டு விஷயம் சொன்னீர்கள். கடைசி மேட்டில் நீ மிதிக்கவே இல்லை என்பது ஒன்று. நீ இருந்தாலும் இல்லாட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் எப்படிங்க ஒன்றாக உண்மையாக இருக்கும்? நான் இல்லாமல் வண்டி கனத்ததா, கனக்கவில்லையா?

கனக்கவில்லை என்றால், இத்தனை வருடம் நான் மிதித்ததெல்லாம் சும்மா. என் முழங்கால் வலியெல்லாம் நடிப்பு. கனத்தது என்றால், கனத்ததும் உங்களுக்கு முதலில் தோன்றியது என்ன? "இவளுக்கு என்ன ஆச்சு" என்று தோன்றவில்லை. "இவள் ஏமாற்றுகிறாள்" என்றுதானே தோன்றியது? இரண்டில் எது என்று நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வீர்கள். அதில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் வேனை நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. டிரைவரும் நிறுத்தட்டுமா என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். மெதுவாகப் போகச் சொல்லி, பின் கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த வளைவில் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அடுத்த வளைவு வந்தது. இதில் கட்டாயம் பார்ப்பார் என்று நினைத்தேன். பிறகு நீங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டீர்கள். எனக்கு அழுகை வந்தது. முட்டை அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுவது எவ்வளவு கேவலமாக இருக்கும் தெரியுமா? டிரைவர் பயந்துபோய் எனக்கு ஒரு முட்டையைக் கொடுத்தார். பச்சை முட்டை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். லீவை நீட்டிக்கச் சொல்லி டாக்டருக்கு எழுதிவிட்டேன். யாருக்காகவும் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓடைக்காரி


வீடு (நம் என்று போடலாமா கூடாதா என்று தெரியவில்லை),
மார்ச் 15

அன்புள்ளவளே,

பதில் எழுதத் தாமதமானதற்கு வருந்துகிறேன். இந்த வாக்கியத்தைத் தினமும் சொல்கிறேன், ரயிலுக்காக. எனக்காக இப்போதுதான் சொல்கிறேன்.

கனத்ததா கனக்கவில்லையா என்று கேட்டாய். வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று, சோதித்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று முடிவு செய்தேன். இந்த வாரம் நடந்தது அதுதான். சிரிக்காமல் படி.

நம் ஊருக்கு மேலே தண்ணீர்த் தொட்டிவரை போகிற மேடு இருக்கிறதே, அதுதான் சோதனைச் சாலை. முதலில் தனியாக ஏறினேன். பெரிய கஷ்டமில்லை. எனக்கே சந்தோஷம், பார்த்தாயா என்று. ஆனால் சைக்கிள் கடைக்காரர் ஒரு போடு போட்டார். "சார், அவங்க இல்லாதப்போ அவங்க கனமும் இல்லையே. கனத்தையும் வச்சு ஏறிப் பாருங்க." பின் சீட்டில் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்துக் கட்டினோம். உன் எடை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு கிழங்கு போட்டோம் என்பதை இங்கே எழுத மாட்டேன், எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வாழ ஆசை.

பாதி மேட்டில் இறங்கித் தள்ளினேன். மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. வழியில் பார்த்தவர்களெல்லாம் கிழங்கு என்ன விலை என்று கேட்டார்கள்.

அப்புறம், மிதிக்கிற ஆள் ஒருத்தர் வேண்டும் என்று, எங்கள் டிக்கெட் கவுண்டர்காரரைப் பின்னால் ஏற்றினேன். அவர் கிழங்கைவிடக் கனம். ஆனால் மிதித்தார், மேடு ஏறிவிட்டது. என்ன ஒன்று, அடியிலிருந்து உச்சிவரை தன் வயிற்றைப் பற்றியே பேசினார். என்ன சாப்பிட்டால் என்ன செய்கிறது, எந்தப் பக்கம் வலிக்கிறது, எப்போது சத்தம் வருகிறது. தண்ணீர்த் தொட்டி வந்தபோது, அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்போது உன் ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் நீயாகவே குழாயடியில் இறங்கிக்கொள்ளாமல் இருந்தது பெரிய விஷயம்.

ஆக, பதில்: கனத்தது. நம் ஊர்ச் சின்ன மேடு தனியாளுக்குத் தாங்கியது, அன்று அந்த நீள மேட்டில் இந்த இரட்டை வண்டி தனியாளுக்குக் கனக்கத்தான் செய்தது. குழாயடி தாண்டியதுமே தெரிந்தது. சகலை முன்னால் அசடு வழிய வேண்டாமே என்று, வாயில் வந்ததை உளறினேன். வாய் என்று ஒன்று இருந்தால் வேலை செய்துகொண்டே இருக்கிறதே, நான் என்ன செய்ய?

ஆனால் நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய், திரும்பிப் பார்ப்பேன் என்று எதிர்பார்த்ததாக. அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று மணி ரயிலை நான்காவது பிளாட்பாரத்துக்கு அறிவித்துவிட்டேன். கூட்டம் இங்கும் அங்கும் ஓடியது. புது ஸ்டேஷன் மாஸ்டருக்கு இப்போது என்னைப் பற்றிச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது.

இந்தச் சைக்கிள் வாங்கிய புதிதில், ஆடுகள் குறுக்கே வந்த அந்த வளைவு ஞாபகம் இருக்கிறதா? நீ ஏதோ சொன்னாய், சரியாகக் கேட்கவில்லை என்று திரும்பினேன். இரட்டைச் சைக்கிளில் முன்னால் இருப்பவன் திரும்பினால் மொத்த வண்டியும் திரும்பும். பள்ளத்தில் போய் விழுந்தோம். உன் முகவாயில் தையல் போட்டார்கள். டாக்டர் ஊசி போட்டபோது நீ என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாய், மயக்கம் போட்டு விழுந்தது நான். அன்றைக்கு முடிவு செய்தேன், வண்டியில் ஏறினால் திரும்புவதில்லை என்று. எது நடந்தாலும் சரி.

அதனால்தான் பேசுகிறேன். திரும்பிப் பார்க்க முடியாதவன் வேறு என்ன செய்வான்? நான் ஏதாவது சொல்வேன், நீ உம் என்பாய். இருக்கிறாய் என்று தெரியும். கொஞ்சம் போனதும் மறுபடி ஏதாவது சொல்வேன். ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றி எனக்கு என்ன அவ்வளவு அக்கறை? அந்த உம் வருவதற்காகத்தான் அவரைப் பற்றிச் சொல்வது.

அன்று குழாயடி தாண்டியதும் உம் வரவில்லை. நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். என்ன கோபம் என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அதனால் இன்னும் அதிகமாகப் பேசினேன்.

நீ வரவேண்டும் என்று எழுத நினைத்தேன். வற்புறுத்துகிற மாதிரி இருக்கும் என்று எழுதவில்லை. எழுதிவிட்டேனோ?

உன்,
முன் சீட்டுக்காரன்


அக்கா வீடு,
மார்ச் 18

உம்.

இவ்வளவுதான் எழுதி அனுப்பலாம் என்று இருந்தேன். அக்காதான், இரண்டு எழுத்துக்கு ஸ்டாம்பை வீணாக்காதே என்றாள்.

முகவாய்த் தழும்பைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். நீங்கள் திரும்பாததற்கு அதுதான் காரணம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நேராகப் பார்த்து ஓட்டினால் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்றுதான் இருந்தேன். இத்தனை வருடம் மூச்சு விடாமல் பேசினீர்களே, உங்கள் ஸ்டேஷனில் வந்து போன மனிதர்கள் எல்லாருடைய கதையும் எனக்குத் தெரியுமே, இதை மட்டும் சொல்ல என்னங்க வந்தது? உங்கள் கடிதத்தைக் கோழிக்கொட்டகையில் நின்றுகொண்டு படித்தேன். இந்தத் தடவையும் முட்டை பக்கத்தில்தான் அழ வேண்டியிருந்தது. இந்தக் குடும்பத்தில் முட்டைக்கும் என் கண்ணீருக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்கிறது.

ஆனால் உடனே இளகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உருளைக்கிழங்கு எவ்வளவு போட்டீர்கள் என்று சைக்கிள் கடைக்காரரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இரட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வாருங்கள். நான் முட்டை வேனில் அங்கே வந்து இறங்குகிறேன். விட்ட இடத்திலிருந்தே ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் இருவரும் நம் வீட்டுக்குப் போகலாம். 'நம்' என்று போடலாம்.

ஆனால் முன் சீட்டில் நான். சீட்டை இறக்க ஸ்பேனர் கொண்டுவர மறக்காதீர்கள், என் கால் எட்டாது. பின் சீட்டில் நீங்கள். குழாயடியிலிருந்து உச்சிவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. வலி என்றாலும், தாகம் என்றாலும், எதிரே யானை வந்தாலும். நான் ஓடையைக் கேட்க வேண்டும். நீங்களும் கேட்க வேண்டும்.

திரும்பிப் பார்க்க மாட்டேன். நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று எனக்குத் தெரிகிறதா என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
முன் சீட்டுக்காரி (தற்காலிகம்)

பி.கு: மேல்பல்காரரிடம் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிடுங்கள்.


உன் முதுகு,
மார்ச் 24

அன்புள்ள டிரைவருக்கு,

பேசக் கூடாது என்றாய். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. பின் சீட்டில் கைக்கு வேலையே இல்லை, இப்போதுதான் தெரிகிறது. உன் முதுகில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சாலையைக் கேள். நெளியாதே, பேனா குத்தும்.

குழாயடியில் நீ வேனிலிருந்து இறங்கினபோதே நிறையச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ வாயில் விரலை வைத்தாய். வேன்காரர் கை தட்டினார். அவர் இன்று இந்தச் செய்தியை எத்தனை வீட்டில் இறக்குவாரோ.

ஓடை கேட்கிறது. நீ சொன்னது நிஜம். பாறைக்குப் பின்னால் போகும்போது சத்தம் குறைந்து மறுபடி வருகிறது. நான் எங்கள் மேலதிகாரியைப் பற்றி இந்த இடத்திலா பேசிக்கொண்டிருந்தேன்? மனுஷனா நான்?

உன் காலரின் உள்பக்கம் "சூடான தண்ணீரில் துவைக்கக் கூடாது" என்று போட்டிருக்கிறது. போன வாரம் வீட்டில் இருந்த உன் இன்னொரு சட்டையை நான் சூடான தண்ணீரில்தான் துவைத்தேன். அதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஐயோ. பள்ளம். இந்த வரி அதனால்தான் தாளைத் தாண்டி உன் சட்டையில் போய்விட்டது. மன்னித்துக்கொள், மை போகாது. பள்ளம் வந்தால் சொல்ல வேண்டாமா? முன்னால் இருப்பவருக்குத் தெரியும், பின்னால் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? நான் "பள்ளம்", "வளைவு", "கல்லு" என்று ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்துக்கொண்டே வருவேனே. என் பேச்சில் அது ஒன்றாவது உனக்கு உபயோகமாக இருந்தது என்று ஒப்புக்கொள்.

நாய் வந்துவிட்டது. அழகாகச் சுற்றிப் போனாய். எனக்கே தைரியம் வந்துவிட்டது.

நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. அன்று வாசலில் நான் சொன்னதை மாற்றி அறிவிக்கிறேன். முந்தைய அறிவிப்பு தவறு. வித்தியாசம் தெரிகிறது. வண்டியில் தெரிகிறது, வீட்டில் தெரிகிறது, சாப்பிட உட்காரும்போது தெரிகிறது. நீ இல்லாத நாட்களில் நான் ரேடியோவிடம் பேசினேன். அதுவும் என்னை மாதிரியே, நான் பேசப் பேசத் தானும் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த உம் வேண்டும்.

மேடு செங்குத்தாகிறது. உச்சி தெரிகிறது. அங்கே தாளைத் தருகிறேன்.

உன்,
பின் சீட்டுக்காரன்


உச்சி, இதே தாளின் பின்பக்கம்,
இதே நாள்

என்னங்க,

நீங்கள் அந்தப் பக்கம் மாட்டுக்காரரிடம் போய் நின்று, வாயைத் திறக்கலாமா கூடாதா என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை முடிக்கும்வரை திறக்க வேண்டாம். கடைசியாக ஒன்றே ஒன்று எழுத இருக்கிறது.

படித்தேன். சட்டை விஷயத்தை வீட்டுக்குப் போய்ப் பேசலாம், இரண்டு சட்டையைப் பற்றியும். பள்ளம் விஷயம் சரிதான். நான் ஒப்புக்கொள்கிறேன். மூன்று பள்ளத்திலும் நீங்கள் மேலே போய்க் கீழே வந்தது எனக்கும் தெரிந்தது, இரண்டாவதில் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டேன்.

ஆனால் எழுத ஆரம்பித்ததும் நீங்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டீர்கள். கால் சும்மா பெடலோடு சுற்றிக்கொண்டிருந்தது. பேனா என் முதுகைத் தொட்டதும், முதல் வரியிலேயே, எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே கனத்துப்போயிற்று. இவர் ஏமாற்றுகிறார் என்று தோன்றவில்லை. ஏதோ முக்கியமாக எழுதுகிறார் போலிருக்கிறது, எழுதி முடிக்கட்டும் என்றுதான் தோன்றியது. உச்சிவரை நான் ஒருத்திதான் இழுத்தேன்.

சரி, வந்து ஏறுங்கள். இனி இறக்கம்தான். பள்ளம், வளைவு, கல், நாய் எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் கதையை வேண்டுமானால் கீழே போய்ச் சொல்லுங்கள், எனக்கும் அதன் முடிவு தெரியாது.

அதுவரை நீங்கள் உம் கொட்டிக்கொண்டே வாருங்கள். நிறுத்திவிடாதீர்கள். எனக்குக் கேட்க வேண்டும்.